பார்த்தபோது இருந்தது

விசாரணை நடந்த அன்று மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிப் புளியந்தோப்புக்கு எங்கள் ஊரிலிருந்து வந்திருந்தவர்கள் ஊர்க்கவுண்டர், என் அப்பா, பங்காளிகள் இரண்டு பேர், மனுவை எழுதியவன் என்பதால் நான், சாட்சி சொல்வதற்காக என் மாமா. அத்தை வரவில்லை, பெண்களை அந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிப்போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மலையில் பக்கத்து நாடான பைல் நாட்டுத் தேனெடுப்பவர் வரவில்லை, அவருக்கு மலைக்காய்ச்சல். எங்கள் சரிவைச் சமீபத்தில் கண்ணால் கண்ட ஒரே ஆள் அவர்தான். அவர் அன்று குளிர் தாங்காமல் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார்.

சரிவு என்று நாங்கள் சொல்வது ஊருக்குப் பின்னால் இருக்கும் முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும் புனக்காடு. ஊரில் எங்கே நின்று பார்த்தாலும் அது தெரியாது. நாலு குடும்பத்துக்குப் பொது. இரண்டு மூன்று வருஷம் அதில் சாமை விதைப்போம். பிறகு மண் ஆறட்டும் என்று பத்து வருஷத்துக்குக் குறையாமல் விட்டுவிடுவோம். மரமும் புதரும் வளர்ந்து, வெளியாள் பார்த்தால் அடர்ந்த காடாகத் தெரியும். எங்களுக்கு அது ஓய்வில் இருக்கிற வயல். அப்படி ஆறப்போட்ட காட்டுக்குள், பூசை போட்டு மறுபடி திறக்கும் நாள் வரை ஊர்க்காரர் யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஒரு கட்டு உண்டு. போனால் ஒரு கொம்பை ஒடிக்கத் தோன்றும், ஒருவன் கொம்பை ஒடித்தால் இன்னொருவன் மரத்தையே வெட்டுவான் என்று முன்னோர் நினைத்திருக்கலாம். காரணத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கட்டு மட்டும் இருந்தது.

அந்த வருஷம் சர்க்கார் தன் காட்டுக்கு எல்லை போட்டது. எதிர் மலையில் கருவி வைத்துப் பார்த்து வரைந்த படத்தில் எங்கள் சரிவு வெறும் காடு. அது எங்களுடையது என்று நாங்கள் மனுப் போட்டோம். அப்படியானால், எங்கள் எல்லைக்கல்லும் நாங்கள் வைத்த மரங்களும் அங்கே இருக்கின்றன என்று ஊர் சார்பில் ஒருவர் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். சொன்னால் சரிவு எங்களுக்கு. இல்லாவிட்டால் ரிசர்வ் காடு. பிறகு ஒரு சுள்ளி பொறுக்கவும் முடியாது. நாலு வீட்டுச் சாமைச்சோறு ஒரு வாய்வார்த்தையில் நின்றது. அந்த வாயாக ஊர் என் மாமாவைத் தேர்ந்தெடுத்தது.

ஏன் அவரை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாமா என் அத்தையின் வீட்டுக்காரர். ஒல்லியான, கொஞ்சம் முன்வளைந்த ஆள். பேசும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பதைவிட அவர் கையில் வைத்திருப்பதைத்தான் அதிகம் பார்ப்பார். வீட்டை விட்டுக் கிளம்புகையில் நடையில் நின்றுகொண்டு உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். அடுப்பு, குதிர், உரல், கோழிக்கூடு, கடைசியில் அத்தை. பார்த்து முடித்தபின் திரும்பாமல் போய்விடுவார். அத்தை அதைச் சொல்லிச் சிரிப்பாள். "என்னைக் கோழிக்கூட்டுக்கு அப்பறமாத்தான் பாப்பாரு. அது ஓடிப்போயிரும், நான் எங்க போவப் போறேன்னு நெனப்பு."

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தன் கண் முன்னால் இல்லாத எதையும் அவர் இருக்கிறது என்று சொல்ல மாட்டார். அத்தை வீட்டில் இருக்கிறாளா என்று கேட்டால், "நான் வாரப்போ இருந்தா" என்பார். ஓடையில் தண்ணீர் போகிறதா என்றால், "காத்தால போச்சு." சோறு வெந்துவிட்டதா என்று அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் கேட்டால், "நான் பாத்தப்போ வேகலை."

"பாத்து எவ்வளவு நேரமாச்சுங்க?" என்பாள் அத்தை.

"இப்பத்தான்."

"அப்ப இன்னும் வேகலைன்னு சொல்றதுக்கு என்ன? வாயி நோவுதா?"

"நோவலை. நான் இங்க வந்துட்டேனில்ல."

கீழேயிருந்து மிளகு வாங்க வருகிற வியாபாரி ஒருவர் ஒரு வருஷம் பாதி வழியில் மாமாவைச் சந்தித்து, உங்கள் ஊரில் மிளகு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நான் பார்த்தபோது இருந்தது என்றார் மாமா. வேறு யாரோ முந்திக்கொண்டு வாங்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்து, அந்த வியாபாரி அப்படியே திரும்பித் திருப்புலி நாட்டுக்குப் போய்விட்டார். எங்கள் ஊர் மிளகு அந்த வருஷம் குதிரிலேயே கிடந்தது. அதை வைத்து ஊர் வெகுநாள் சிரித்தது. "அவரைக் கேட்டுட்டு மலையேறாதீங்க, மலையே இருக்காது" என்று கீழ்நாட்டாரிடம் சொல்வார்கள். மாமாவும் கூடச் சிரிப்பார். ஆனால் மறுவருஷம் அதே வியாபாரி அதே கேள்வியைக் கேட்டபோது அதே பதிலைத்தான் சொன்னார்.

இது வெறும் கிறுக்காக இருந்திருந்தால் ஊர் அவரைச் சாட்சிக்கு அனுப்பியிருக்காது. ஊர்க் கூட்டத்தில் அவர் வார்த்தைக்கு வேறு மதிப்பு. ஒரு சமயம் ஒருவர் வீட்டு ஆடு காணாமல் போனது. ஊரே ஒரு இளவட்டத்தின் மேல் சந்தேகப்பட்டது. மாமா அந்த வழியாக வந்தார் என்று தெரிந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

"ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒருத்தன் போனதப் பாத்தேனுங்க. முதுகைத்தான் பாத்தேன்."

"அது இவன் முதுகுதானே?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"முதுகு பேரு சொல்லலீங்களே."

கூட்டம் சிரித்தது. அந்த இளவட்டத்தின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு ஆடு திருப்புலி நாட்டில் கிடைத்தது. கொண்டுபோனவன் வேறு ஆள். அன்றிலிருந்து எந்த வழக்கானாலும், அவர் பார்த்தாரா என்றுதான் முதலில் கேட்பார்கள். அவர் பார்த்தேன் என்றால் முடிந்தது. பார்க்கவில்லை என்றாலும் முடிந்தது.

நான் எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தவன். சேந்தமங்கலத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வாத்தியார் ஒரு நாள் பாடத்தை விட்டு வேறு எங்கோ போய், நாம் காண்பதெல்லாம் நம் மனசுக்குள்தான் இருக்கிறது, மனசுக்கு வெளியே உலகம் என்று தனியாக ஒன்று உண்டா என்பது பெரிய பெரிய அறிஞர்களுக்கே தீராத சண்டை என்றார். மேஜையை விரலால் தட்டி, "நாம் எல்லோரும் இந்த அறையை விட்டுப் போய்விட்டால் இது இருக்குமா?" என்று கேட்டார். மற்ற பையன்கள் மணி அடிக்கக் காத்திருந்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி சட்டைக்குள் விழுந்த எறும்பு மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டில் அப்பாவும் அம்மாவும் இந்நேரம் இருக்கிறார்களா, நான் நினைப்பதால் இருக்கிறார்களா? லீவுக்கு மலையேறியதும் நேராக மாமாவிடம் போனேன். ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அவர் மூங்கிலைப் பிளந்து கூடை முடைந்துகொண்டிருந்தார்.

"மாமா, நம்ம யாரும் பாக்காதப்போ ஒரு மரம் இருக்குதா, இல்லையா?"

"எந்த மரம்?"

"எதோ ஒரு மரம்."

"எந்த மரம்னு சொல்லு மாப்பிள்ளை. போய்ப் பாத்துட்டு வாரேன்."

"பாக்காம சொல்லோணும். அதுதான் கேள்வி."

"பாக்காம சொல்றதுக்குத்தான் வாத்தியாருக்குச் சம்பளம் குடுக்கறாங்க. என்னை எதுக்குக் கேக்கறே?"

நான் விடவில்லை. எங்கள் வாத்தியார் சொன்னதை எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். மனசு, பொருள் என்று அவருக்குப் பழக்கமில்லாத வார்த்தைகளையெல்லாம் போட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் நெனச்சாத்தான் அது இருக்கும்னா நல்லதுதான். நெனச்சுக்கிட்டே கெடந்திருவேன். அதுக்கு நான் வேண்டியதில்லையே மாப்பிள்ளை. நான் ஒரு பக்கம் நெனச்சுக்கிட்டு இருக்கேன், அது வேற பக்கம் எப்படியோ ஆயிருது. எனக்கு அதுதான் பயம்."

அடுப்படியிலிருந்து அத்தை சொன்னாள், "பாத்துக்கிட்டே இருந்தா மட்டும் நின்னுருதாக்கும்."

மாமா மூங்கிலை எடுத்துக்கொண்டார். வேலை ஓடவில்லை என்பது தெரிந்தது. நான் ஏதோ தொடக்கூடாததைத் தொட்டுவிட்டேன் என்று புரிந்து எழுந்து வந்துவிட்டேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கொண்டுவிட அப்பா கூட வந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார். மாமாவுக்கும் அத்தைக்கும் ஒரு பையன் இருந்தான் என்று எனக்குத் தெரியும். என்னைவிடச் சின்னவன். இறந்துபோனான் என்றும் தெரியும். எப்படி என்று தெரியாது. மாமா வாழைத்தார் சுமந்துகொண்டு கீழே சந்தைக்கு இறங்கிய ஒரு நாள். சந்தையில் தெரிந்தவர் ஒருவர், பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்திருக்கிறார். "நல்லா இருக்கானுங்க, என் தோள்ல ஏறினா எறங்க மாட்டேங்கறான்" என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவனுக்குப் பொரிகடலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு ஏறும்போது, பாதி மலையில் ஆள் எதிரே வந்தது. காலையில் அவர் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்திலேயே பையனுக்குக் குளிர் கண்டு, வலிப்பு வந்து, வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"சந்தையில நல்லா இருக்கான்னு சொன்னாரே, அப்ப அவன் இல்லை" என்றார் அப்பா. "அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. செத்தது ஒரு துக்கம் கண்ணு. அவன் இல்லாதப்போ இருக்கான்னு சொன்னது அவருக்கு இன்னொரு துக்கம். நாங்க எல்லாரும் மொதல் துக்கத்துக்குத்தான் ஆறுதல் சொன்னோம். அடுத்ததுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை."

அத்தை அன்று பையன் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். மடியில் வைத்துக்கொண்டு கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எங்கள் வாத்தியார் தட்டிய மேஜையை நான் அன்று மறந்துவிட்டேன். அந்தக் கேள்வியை மாமா வேறு இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். உலகம் நம் மனசுக்குள் இருக்கிறதா என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அது வெளியே இருக்கிறது, நம்மைக் கேட்காமல் இருக்கிறது, நம்மைக் கேட்காமல் இல்லாமலும் போகிறது. நம் மனசில் இருப்பது அதன் பழைய படம். அந்தப் படத்தை எடுத்து இதுதான் உலகம் என்று அவர் ஒரு தடவை இன்னொருவரிடம் காட்டிவிட்டார். மறுபடி காட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். இதெல்லாம் என் வார்த்தைகள். அவர் இப்படிச் சொன்னதில்லை.

விசாரணை நோட்டீஸ் வந்தது நான் படிப்பை முடித்துவிட்டு ஊரில் இருந்த வருஷம். ஊர்க் கூட்டத்தில் நான்தான் அதைப் படித்துக் காட்டினேன். யார் சாட்சி என்ற பேச்சே எழவில்லை. எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். கீழேயிருந்து வருகிற அதிகாரிகூட அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார், அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது என்றார் ஊர்க்கவுண்டர்.

மாமா எழுந்து நின்றார். "ஏனுங்க, அப்ப நான் ஒருதரம் முகட்டைத் தாண்டிப் போய்ப் பாத்துட்டு வந்திடறனுங்க."

"ஆறப்போட்ட காட்டுலயா? பூசை போடாமயா?"

"உள்ள போவலீங்க. வெளிம்புல நின்னு பாத்துட்டு வந்திருவேன்."

"வெளிம்புல நின்னா என்ன தெரியும்? கல்லு நடுவாந்திரத்துல கெடக்குது. உள்ள போய்த்தானே ஆவோணும்." ஊர்க்கவுண்டர் தலையை ஆட்டினார். "நம்ம எடம்னு சொல்றதுக்காக நாமளே கட்டை மீறிட்டுப் போனா, அப்பறம் அது நம்ம எடமா? நீ கடைசியா சாமை அறுத்தப்போ பாத்திருக்கே. கல்லு நடந்து போயிருமா? மரம் நடந்து போயிருமா? இருக்குதுன்னு சொல்லு, போதும்."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மாமா உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்தபோது நான் அவர் பக்கத்தில் நடந்தேன். "தேனெடுக்கறவரு பாத்திருக்காரு மாப்பிள்ளை. அவருக்கு நம்ம கட்டு இல்லை. அவரைக் கூட்டிக்கிட்டுப் போனா ஆவாதா?" என்று கேட்டார். மறுநாளே அப்பா பைல் நாட்டுக்குப் போனார். தேனெடுப்பவர் வருவதாக ஒத்துக்கொண்டார். பிறகுதான் காய்ச்சல் வந்தது.

கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிற ஆளைப் பொறுக்கி எடுத்து, போய்ப் பார்க்காதே என்று சொல்லி, மலையிறக்கிக் கூட்டிப்போனோம். அப்போது எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

புளியந்தோப்பில் கூடாரம் போட்டு, முன்னால் மேஜை நாற்காலி போட்டிருந்தார்கள். அதிகாரி வெள்ளைக்காரர் இல்லை, நம் பக்கத்து மனிதர்தான். கெட்டவர் இல்லை. எங்களை நிழலில் உட்காரச் சொன்னார். மேலே வந்து பார்க்கலாமே என்று ஊர்க்கவுண்டர் கேட்டதற்கு, போன வருஷம் மேலே வந்த இரண்டு பியூன்கள் காய்ச்சலில் போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது ஒரு தடவை மலையை நிமிர்ந்து பார்த்தார். படத்தை மேஜை மேல் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தார். அதில் எங்கள் சரிவு பச்சை மையில் ஒரு திட்டு.

மாமா சத்தியம் செய்தார்.

"அந்த இடம் உங்களுடையதா?"

"எங்களுதுங்க."

"கடைசியாக எப்போது பயிர் வைத்தீர்கள்?"

"ஒம்பது வருசம் இருக்குமுங்க. சாமை அறுத்தோமுங்க."

"அடையாளம் என்ன?"

"நடுவுல எல்லைக்கல்லு. எங்க அப்பன் காலத்துல வெச்ச பலா மூணு. மிளகுக்கொடி ஏத்தியிருந்தோமுங்க."

ஊர்க்கவுண்டர் திருப்தியாகத் தலையாட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே, நிமிராமல் அடுத்ததைக் கேட்டார்.

"இவையெல்லாம் இப்போதும் அங்கே இருக்கின்றனவா?"

மாமா மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உம், சொல்லும்."

"நான் பாத்தப்போ இருந்துதுங்க எசமான்."

"அது சரி. இப்போது?"

"இப்ப நான் இங்க இருக்கேனுங்க."

பியூன் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். "இதோ பாரும். எனக்கு ஒரு வார்த்தை போதும். கல்லும் மரமும் எங்கே போகும்? இருக்கிறது என்று சொல்லும். எழுதிக்கொள்கிறேன்."

அவர் உதவி செய்யத்தான் பார்த்தார் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். அப்பா பக்கத்தில் நின்று, "சொல்லுங்க மாமா, சொல்லுங்க" என்று முனகினார். அப்பாவுக்கு அவர் தங்கை வீட்டுக்காரர். ஆனாலும் எங்களைப் போலவே மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"அன்னைக்குச் சாமை அறுத்தப்போ என்ற பையன் அந்த நடுப் பலாவுக்கு அடியில தூங்கிக்கிட்டு இருந்தானுங்க" என்றார் மாமா. "அதையும் இந்தக் கண்ணாலதான் பாத்தேன். அன்னைக்குப் பாத்ததெல்லாம் இன்னைக்கும் இருக்குதுன்னு நான் எப்படிங்க சொல்லுவேன்?"

அதிகாரிக்கு எதுவும் புரிந்திருக்காது. ஆனால் அவர் பேனாவை மறுபடி எடுக்கவில்லை. அதற்குமேல் அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"இருக்குதுங்க எசமான். எல்லாம் இருக்குதுங்க."

"நீர் எப்போது பார்த்தீர்?"

"நானும் அதுக்கப்பறம் பாக்கலீங்க. ஆனா இருக்குதுங்க."

"பார்க்காமல் எப்படித் தெரியும்?"

"எங்களுதுங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா?"

"இந்தப் படம் வரைந்தவனும் தெரியும் என்றுதான் சொல்கிறான்" என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. களைப்புத்தான் இருந்தது. "அவன் கருவி வைத்துப் பார்த்தான். நீங்கள் ஒன்பது வருஷமாகப் பார்க்கவே இல்லை. உங்கள் சாட்சியே சொல்ல மாட்டேன் என்கிறார். நான் எதை வைத்து எழுதுவது?"

மாமா கையைக் கட்டிக்கொண்டு ஓர் அடி முன்னே வந்தார். "இப்பவே கெளம்பறேனுங்க. போய்ப் பாத்துட்டு நாளைக்கு வந்து சொல்றேனுங்க."

"நாளைக் காலையில் முகாம் கிளம்புகிறது."

"ஓடியாறேனுங்க."

அதிகாரி வரலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாமா ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். கட்டை மீறட்டுமா என்று கேட்கிற பார்வை. ஊர்க்கவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா மேஜையை, கூடாரத்தை, அதிகாரியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீட்டு நடையில் நிற்கும்போது பார்ப்பது மாதிரி. பிறகு திரும்பாமல் மலையைப் பார்க்க நடந்தார்.

நாங்கள் தோப்பிலேயே தங்கினோம். விடிந்ததும் வண்டி பூட்டினார்கள். உச்சிவரைக்கும் பொறுங்கள் என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த முகாமில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று அதிகாரி சொன்னார். எழுதி வைத்ததை எங்களுக்குப் படித்தும் காட்டினார். நிலத்தின் இப்போதைய நிலை சாட்சிக்குத் தெரியவில்லை என்று ஒரு வரி. வண்டிகள் போனபின் அடுப்புச் சாம்பலும், கூடார முளை அடித்த குழிகளும் இருந்தன.

மாமா உச்சிப்பொழுதுக்கு வந்தார். தலையில் ஒரு பலாப்பழம். காலெல்லாம் முள் கிழித்த கோடு. தோப்புக்குள் வந்தவர் எங்களைப் பார்க்காமல் நேரே மேஜை இருந்த இடத்துக்குப் போய் நின்று பழத்தை இறக்கி வைத்தார்.

"கல்லு இருந்துதுங்க. சாஞ்சு கெடந்துது, ஆனா இருந்துது. பலா மூணும் இருந்துது. மிளகு உச்சிவரைக்கும் ஏறிக் கெடக்குது. கரடி தின்னுபோட்ட பழமெல்லாம் அடியில கெடந்துதுங்க."

"யாருகிட்டய்யா சொல்றே?" என்றார் ஊர்க்கவுண்டர்.

மாமா தரையைப் பார்த்தார். "நான் போறப்போ இங்கதான் உக்காந்திருந்தாரு."

ஊர்க்கவுண்டர்தான் மறுபடி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். "நேத்து நீ இருக்குதுன்னு சொல்லியிருந்தா, அது நெசமாத்தானே இருந்திருக்கும்?"

"ஆமாங்க."

"அப்பறம் சொல்றதுக்கு என்ன?"

"அது நெசமா இருந்திருக்குமுங்க. நான் தெரியாமச் சொன்னவனாத்தானே இருந்திருப்பேன்."

அப்பா எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். முந்தின நாளிலிருந்து நாங்கள் சாப்பிட்டிருக்கவில்லை. பங்காளி ஒருவர் பழத்தை அறுத்தார். தின்றோம். நல்ல பழம். சுளை கெட்டியாக, தேன் மாதிரி இருந்தது. மூன்று மரங்களும் ஒன்பது வருஷம், ஒரு மனுஷன் நினைக்காமல், எங்கள் ஊரில் ஒருவரும் பார்க்காமல், வருஷந்தோறும் ஆனியில் இப்படிக் காய்த்துப் பழுத்துக் கரடிக்கும் எறும்புக்கும் போட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் மேஜைக்கு முன்னால் நின்று இருக்கிறது, தெரியாது என்று வாதாடிக்கொண்டிருந்த நேரத்திலும் அவை அங்கே நின்றுகொண்டுதான் இருந்தன. சேந்தமங்கலத்து வாத்தியாரின் கேள்விக்கு எனக்கு அன்று விடை கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். கிடைத்து என்ன செய்வது என்று தெரியாமல் கொட்டையைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மலையேறி ஊர் சேர்ந்ததும் அத்தை நடந்ததைக் கேட்டாள். அப்பா சொன்னார். அவள் யாரையும் திட்டவில்லை. மாமாவுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நடுமரத்துக்கு அடியில போனீங்களா?" என்றாள்.

"போனேன்."

"என்ன இருந்துது?"

"புல்லு மொளைச்சிருந்துது. மெத்துனு இருந்துது."

"சரி. வாங்க சாப்பிட" என்றாள்.

ஊர் அவரை ஒதுக்கவில்லை. ஆனால் அதன்பின் எந்தக் கூட்டத்திலும் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. சரிவைச் சுற்றி சர்க்கார் கல் நட்டார்கள். பூசை போட்டுத் திறக்க வேண்டிய வருஷம் வந்தபோது திறப்பதற்கு எங்களுக்குக் காடு இல்லை. பங்காளி வீடு இரண்டும் சாமான்களைக் கட்டிக்கொண்டு கீழே கூலிக்கு இறங்கின. மாமா தினம் காலையில் முகடேறி, சர்க்கார் கல்லுக்கு இந்தப்பக்கம் நின்று சரிவைப் பார்த்துவிட்டு வருவார். அத்தை கேட்காமலேயே, "இருந்துது" என்பார். அவர் கண்ணை மூடும்வரை இது நடந்தது. அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் மரியாதை வருகிறது. பிறகு, சோற்றை இழந்த அந்த இரண்டு வீடும் நினைவுக்கு வந்து, மரியாதையை அப்படியே வைத்துக்கொள்ள முடியாமல் போகிறது.

சர்க்கார் கல் நடுவதற்கு முன்னால் ஒரு முயற்சி மட்டும் செய்து பார்த்தோம். சேலத்தில் மேல் அதிகாரிக்கு நான் அப்பீல் எழுதினேன். மாமா வந்து, தாம் பார்த்ததைப் பார்த்த நாளோடு சொன்னார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேட்டவர் நம்பினார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அப்பீல் போடும் தவணை தப்பிவிட்டது என்று தள்ளிவிட்டார். செலவில் மற்றவர்கள் பங்கு தர வேண்டாம் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எருமையை விற்றார், அத்தையின் வெள்ளிக் காப்பை விற்றார். வக்கீலுக்கு, முத்திரைக்கு, மனு நகலுக்கு, எல்லாருக்கும் போக வர வண்டிக்கு, சத்திரத்தில் சாப்பாட்டுக்கு என்று, சரிவைச் சேர்க்காமல், ஆனது அறுபத்து மூன்று ரூபாய் பன்னிரண்டணா.